ரேம் விலையை விசாரிக்கத் தயங்கக் கூடாது

2025-ஆம் ஆண்டின் நடுவில் இருந்த ரேம் விலை, அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. எஸ்எஸ்டி விலையும் அதன் பின்னாலேயே ஏறியது. சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கிக் கணினி அசெம்பிள் செய்து கொடுப்பவர், சிறு ஊரில் டிடிபி சென்டர் நடத்துபவர், பழைய லேப்டாப்பில் இன்னொரு 8 ஜிபி சேர்த்துப் படிப்பை முடித்துவிடலாம் என்று நினைத்த மாணவர் என எல்லோர் தலையிலும் இந்தச் சுமை இறங்கியிருக்கிறது. காரணம் கேட்டால், செயற்கை நுண்ணறிவுக்கான தேவை கூடிவிட்டது என்கிறார்கள். அது பொய்யல்ல, ஆனால் அதுவே முழு உண்மையா என்று யாராவது சோதித்துப் பார்க்க வேண்டும். இந்தியப் போட்டி ஆணையம் தானாக முன்வந்து இந்த விலை உயர்வை விசாரிக்க வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு.

செயற்கை நுண்ணறிவு சர்வர்களில் பயன்படும் எச்பிஎம் என்ற அடுக்கு மெமரிக்கு, அதே கொள்ளளவுள்ள சாதாரண டிடிஆர்5 மெமரியைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கான் வேஃபர் தேவை. லாபமும் அதில்தான் அதிகம். ஆலைகள் அந்தப் பக்கம் சாய்ந்தன. வீட்டுக் கணினிகளுக்குப் போக வேண்டிய மெமரி குறைந்தது. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், ‘குரூஷியல்’ என்ற பெயரில் பல ஆண்டுகளாகச் சில்லறை வாடிக்கையாளர்களுக்கு விற்றுவந்த வணிகத்தையே கைவிடுவதாக அறிவித்தது.

தேவை கூடினால் விலை ஏறும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. விற்பவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. ரேமுக்கு அடிப்படையான டிராம் சிப்புகளில், உலக அளவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்களிடம் இருக்கிறது. கடை அலமாரியில் எத்தனை பிராண்டுகள் அடுக்கியிருந்தாலும், பச்சைப் பலகையின் மேல் ஒட்டியிருக்கும் சிப் பெரும்பாலும் இந்த மூவரில் ஒருவருடையதுதான்.

இந்தத் துறையின் கடந்த காலமும் நம்பிக்கை தருவதாக இல்லை. 1998-க்கும் 2002-க்கும் இடையே மெமரி உற்பத்தியாளர்கள் கூடிப் பேசி விலை வைத்தார்கள். இது வெறும் சந்தேகமல்ல. அமெரிக்க நீதித்துறை தொடுத்த குற்ற வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு இன்ஃபினியான் 16 கோடி டாலர், ஹைனிக்ஸ் 18.5 கோடி டாலர், சாம்சங் 30 கோடி டாலர், எல்பிடா 8.4 கோடி டாலர் என அபராதம் கட்டின. அதிகாரிகள் பலர் சிறைக்குப் போனார்கள். ஐரோப்பிய ஆணையம் 2010-இல் 33 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது. அந்தக் கூட்டில் மைக்ரானும் இருந்தது. விவரங்களை முதலில் சொல்லிக்கொடுத்ததால் அபராதத்திலிருந்து தப்பியது. கணினி வாங்கி ஏமாந்த அமெரிக்கப் பொதுமக்களுக்காக 31 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. அதே ஆண்டுகளில் இந்தியாவில் கணினி வாங்கியவர்களும் அதே விலையைத்தான் கொடுத்தார்கள். அவர்களுக்கு ஒரு பைசாகூடத் திரும்பி வரவில்லை.

மெமரியில் மட்டும் நடந்ததல்ல இது. எல்சிடி திரைகளில் நடந்த விலைக் கூட்டுக்காக எல்ஜி டிஸ்ப்ளே 40 கோடி டாலரும், ஏயூ ஆப்ட்ரானிக்ஸ் 50 கோடி டாலரும் அபராதம் கட்ட நேர்ந்தது. சிஆர்டி மானிட்டர் குழாய்க் கூட்டுக்கு ஐரோப்பாவில் 2012-இல் விதிக்கப்பட்ட தொகை 147 கோடி யூரோ.

நிறுவனங்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அதை மறைப்பது முறையல்ல. மெமரித் தொழில் ஏற்றமும் வீழ்ச்சியும் மாறி மாறி வருவது. 2023 நிதியாண்டில் மைக்ரான் 580 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் கண்டது. மற்ற இருவரும் அந்த ஆண்டு சிப் வணிகத்தில் பெரும் இழப்பைச் சந்தித்தார்கள். 2016-க்குப் பிறகு வந்த விலை உயர்வை எதிர்த்து அமெரிக்காவில் நுகர்வோர் தொடுத்த வழக்கை, மூவரும் ஒரே திசையில் நடந்தார்கள் என்பது மட்டும் கூட்டுச் சதிக்கு ஆதாரமாகாது என்று நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. இன்றைய விலையும் சதியால் வந்தது என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆவணங்களைக் கேட்டு வாங்கும் அதிகாரம் நுகர்வோரிடம் இல்லை, ஆணையத்திடம் இருக்கிறது. அதனால்தான் விசாரணை கேட்கிறோம். விலை நேர்மையாக ஏறியிருந்தால் அந்த முடிவையும் ஆணையமே நாட்டுக்குச் சொல்லட்டும்.

1998-2002-இல் அந்த மெமரி விலைக் கூட்டு நடந்தபோது, வெளிநாட்டில் போட்ட ஒப்பந்தத்தை விசாரிக்க ஏற்ற சட்டம் இங்கே நடைமுறையில் இல்லை. போட்டிச் சட்டம் 2002-இல் இயற்றப்பட்டாலும், விலைக் கூட்டைத் தடுக்கும் பிரிவுகள் 2009 மே மாதம்தான் அமலுக்கு வந்தன. இன்று அந்தச் சாக்கு இல்லை. 19-ஆவது பிரிவின்படி புகாருக்குக் காத்திராமல் ஆணையமே விசாரிக்கலாம். செயல் வெளிநாட்டில் நடந்தாலும், அதன் பாதிப்பு இந்தியச் சந்தையில் இருந்தால் 32-ஆவது பிரிவு இடம் தருகிறது. 2023 திருத்தத்துக்குப் பிறகு அபராதத்தை நிறுவனத்தின் உலகளாவிய விற்றுமுதலை வைத்தே கணக்கிட முடியும்.

மத்திய அரசின் கையிலும் பிடி இருக்கிறது. குஜராத்தின் சானந்தில் உள்ள மைக்ரானின் சிப் அசெம்பிளி, சோதனை ஆலைக்கு 2023-இல் அறிவிக்கப்பட்ட முதலீடு 275 கோடி டாலர் வரை. அதில் பாதியை மத்திய அரசும், ஐந்தில் ஒரு பங்கை குஜராத் அரசும் ஏற்பதாகத் திட்டம். பத்தில் ஏழு பங்கு மக்கள் பணம். அந்த மக்களுக்கு நியாயமான விலையில் மெமரி கிடைக்கிறதா என்று கேட்கும் உரிமை அரசுக்கு இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

வரியிலும் அரசு தன் பங்குக்கு இறங்கி வரவேண்டும். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாற்றியமைக்கப்பட்டபோது நோட்டுப் புத்தகம், பென்சில், அழிப்பான் மீதான வரி முழுவதும் நீக்கப்பட்டது, நல்ல முடிவு. ஆனால் கல்லூரி மாணவரின் இன்றைய நோட்டுப் புத்தகமான லேப்டாப்புக்கும் அதன் உதிரிபாகங்களுக்கும் 18 சதவீதம் அப்படியே நீடித்தது. விலை இரட்டிப்பாகும்போது இந்த வரியின் தொகையும் இரட்டிப்பாகிறது. மக்கள் திணறும் நேரத்தில் அரசின் வருவாய் கூடுகிறது. ரேம், எஸ்எஸ்டி மீதான வரியை 5 சதவீதமாகக் குறைப்பதை ஜிஎஸ்டி கவுன்சில் அடுத்த கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரேமைப் பலகையோடு சேர்த்தே பற்றவைத்துவிடும் லேப்டாப்புகளின் கதை இன்னும் மோசம். அங்கே வாங்கியவர் பின்னால் வெளிச்சந்தையில் ஒன்றை வாங்கிச் சேர்க்கவே வழியில்லை. ஆப்பிள் நிறுவனம் மேக்புக்கில் 8 ஜிபி கூடுதல் மெமரிக்கு இந்தியாவில் ஆண்டுக்கணக்கில் 20,000 ரூபாய் வாங்கியது; அந்தக் காலத்தில் அதே அளவு ரேம் ரிச்சி தெருவில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது. மாணவர்களுக்காக லட்சக்கணக்கில் லேப்டாப் வாங்கும் தமிழக அரசு, கழற்றி மாற்றக்கூடிய ரேம் ஸ்லாட் இருக்க வேண்டும் என்பதை டெண்டரில் கட்டாய நிபந்தனையாக்க வேண்டும். இவ்வளவு பெரிய வாங்குபவர் கேட்டால் தயாரிப்பாளர்கள் தட்ட மாட்டார்கள்.

மூன்று நிறுவனங்களிடமும் 2024 முதலான உற்பத்தித் திட்டங்களையும் இந்தியாவுக்கான விலைப் பட்டியல்களையும் கேட்டுப் பெற்று, போட்டி ஆணையம் உடனே விசாரணையைத் தொடங்க வேண்டும். அதன் முடிவை, எதுவாக இருந்தாலும், பொதுமக்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும்.