லண்டனில் நாலு நாள்: ராட்டினம் சுற்றவா?

அனுமந்தன்பட்டியிலிருந்து ஒருவர் லண்டனுக்குப் போகிறார் என்பது இப்போது டீக்கடையில் வாய் பிளந்து கேட்கிற செய்தி இல்லை. பிள்ளை அங்கே மேல்படிப்பு படிக்கும். பட்டமளிப்பு விழாவுக்கு அப்பாவும் அம்மாவும் கிளம்புவார்கள். விழா ஒரு நாள்தான். "அவ்வளவு தூரம் போயிட்டு ஊரைச் சுத்திப் பார்க்காம வந்துராதீங்க" என்று தெருவே சொல்லி அனுப்பும். சரி, நாலு நாள் கூடுதலாகத் தங்கலாம் என்று முடிவாகும்.

அந்த நாலு நாளில் என்ன பார்ப்பது?

இதற்கு டிராவல்ஸ்காரர் ஒரு பட்டியல் வைத்திருப்பார். பிள்ளை யூடியூப் பார்த்து ஒரு பட்டியல் போட்டிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பிக் பென், லண்டன் ஐ ராட்டினம், மெழுகு பொம்மைக் கண்காட்சி, டவர் பிரிட்ஜ், பக்கிங்ஹாம் அரண்மனை வாசல், ஆக்ஸ்போர்டு ஸ்ட்ரீட் ஷாப்பிங். ஒவ்வொரு இடத்திலும் அரை மணி நேரம். இறங்கு, போட்டோ எடு, ஏறு. இதற்குப் பெயர் சுற்றுலாவா, அட்டெண்டன்ஸா?

இந்தப் பட்டியல் டோக்கியோக்காரருக்கும் இதுதான், லூதியானாக்காரருக்கும் இதுதான். தவறு அங்கேதான் இருக்கிறது. லண்டனோடு தனிக் கணக்கு எதுவும் இல்லாதவர்களுக்கு அந்தப் பட்டியல் போதும். கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு அது போதாது. அவர்களுக்கு லண்டனோடு ஒரு கணக்கு இருக்கிறது, நூற்று நாற்பது வருடக் கணக்கு!

பணம் எங்கிருந்து வந்தது?

பவுண்டு நூறு ரூபாய்க்கு மேல். விசாக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் அந்தக் கட்டணம் திரும்பி வராது. பிரிட்டன் ஷெங்கன் நாடு இல்லை, எனவே அதே விசாவில் பாரிஸையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்ற கனவும் நடக்காது. ஆக, கையிலிருக்கிற பணமும் நாளும் முழுக்க லண்டனுக்குத்தான்.

இந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது? பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்கு விடை வயலில் இருக்கிறது. 14,707 ஏக்கரில் இருபோக நெல். பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை (2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது). வயலே இல்லாதவருக்கும் கடை, லாரி, கமிஷன் மண்டி, கூலி என்று எல்லாம் அந்த வயலைச் சுற்றித்தான். வயலுக்குத் தண்ணீர் முல்லைப் பெரியாற்றிலிருந்து வருகிறது. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்க வேண்டிய ஆற்றை மறித்து, ஒரு மைலுக்குச் சற்று அதிகமான நீளத்துக்கு மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிய தண்ணீர். 1887-இல் வேலை தொடங்கியது. 1895 அக்டோபர் 10 அன்று சென்னை கவர்னர் வென்லாக் அணையைத் திறந்து வைத்தார்.

அதற்கு முன் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. 1886 அக்டோபர் 29. 999 ஆண்டுக் குத்தகை, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய். (1970-இல் அது 30 ரூபாய் ஆனது.) ஒரு பக்கம் திருவிதாங்கூர் மகாராஜா. மறுபக்கம் யார் என்று கேட்டால் பள்ளத்தாக்கில் பத்தில் ஒன்பது பேர் "பென்னிகுவிக்" என்பார்கள். இல்லை. மறுபக்கம், "இந்தியாவுக்கான செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்" என்ற லண்டன் அமைச்சர். அவருடைய ஆபீஸ் இருந்த கட்டடம் இன்றும் லண்டனில் நிற்கிறது. அனுமந்தன்பட்டிக் குடும்பங்கள் அதைத் தாண்டித்தான் பிக் பென் பார்க்கப் போகின்றன. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அணைத் தண்ணீரில் விளைந்த காசை எடுத்துக்கொண்டு, அணைக்குக் கையெழுத்துப் போட்ட ஊருக்குப் போய், மெழுகு பொம்மையோடு நின்று போட்டோ எடுத்துவிட்டு வருவதற்கு என்ன பெயர் வைப்பது?

அதே தெரு, வேறு பார்வை

பிக் பென்னை விட்டுவிடச் சொல்லவில்லை. அதே இடத்தில் நின்று கொஞ்சம் சுற்றிப் பார்க்கச் சொல்வதுதான்.

பார்லிமென்ட் சதுக்கத்திலிருந்து இரண்டு நிமிடம் நடந்தால் கிரேட் ஜார்ஜ் ஸ்ட்ரீட். அங்கே சிவில் இன்ஜினியர்கள் சங்கத்தின் கட்டடம் இருக்கிறது. பெரியாற்றைத் திருப்பியது பற்றி பென்னிகுவிக் எழுதிய கட்டுரை அந்தச் சங்கத்தின் நடவடிக்கைத் தொகுப்பில் 1897-இல் அச்சானது. சிவில் படிக்கிற பிள்ளைகளை வைத்திருக்கிற வீடுகள் அந்த வாசலில் ஒரு நிமிடம் நின்றால் ஒன்றும் குறைந்துவிடாது.

அங்கிருந்து இன்னும் சில நிமிடம் நடந்தால் கிங் சார்லஸ் ஸ்ட்ரீட். பிரதமர் வீடு இருக்கும் டவுனிங் ஸ்ட்ரீட்டுக்கு அடுத்த தெரு. பழைய இந்தியா ஆபீஸ் இங்கேதான். இப்போது வெளியுறவுத் துறையின் கட்டடத்தில் ஒரு பகுதி. தெருமுனைப் படிக்கட்டில் ராபர்ட் கிளைவ் சிலை. ஆம், பள்ளிக்கூடத்தில் ஆற்காடு முற்றுகை, 1751 என்று மனப்பாடம் செய்த அதே கிளைவ்! படியிறங்கினால் செயின்ட் ஜேம்ஸ் பூங்கா. பூங்காவைக் கடந்தால் பக்கிங்ஹாம் அரண்மனை. டிராவல்ஸ் பட்டியலில் இருந்த இரண்டு இடமும் வந்துவிட்டன, ஊர்க் கணக்கும் பார்த்தாயிற்று. இதற்குச் செலவு ஒரு பைசா இல்லை.

இரண்டாம் நாள் பிரிட்டிஷ் மியூசியம். பொதுக் கூடங்களுக்குக் கட்டணம் கிடையாது. அமராவதி பௌத்தச் சிற்பங்கள் அங்கே இருக்கின்றன. அங்கிருந்து இருபது நிமிடம் நடந்தால் பிரிட்டிஷ் லைப்ரரி. இந்தியா ஆபீஸின் ஆவணங்கள் எல்லாம் இப்போது அங்கேதான். அதன் காட்சிக்கூடத்தை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆவணங்களைப் படிக்க வேண்டுமானால் முன்கூட்டிப் பதிவு செய்து, அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் காட்டி ரீடர் பாஸ் வாங்க வேண்டும். அதுவும் இலவசம். லண்டனில் எம்.ஏ.வும் எம்.எஸ்ஸி.யும் படிக்கிற பள்ளத்தாக்குப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பாஸ் வைத்திருக்கிறார்கள்?

கேம்பர்லி ரயில்

மூன்றாம் நாள் லண்டனை விட்டு வெளியே. வாட்டர்லூ ஸ்டேஷனில் ரெடிங் போகிற ரயில். ஆஸ்காட்டில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும். கேம்பர்லி வரை சுமார் ஒன்றரை மணி நேரம்.

வழியில் எகம் என்று ஒரு ஸ்டேஷன் வரும். அதன் அருகே கூப்பர்ஸ் ஹில் குன்றில் ராயல் இந்தியன் இன்ஜினியரிங் காலேஜ் இருந்தது. இந்தியாவின் பொதுப்பணித் துறைக்கு இன்ஜினியர்களைத் தயாரித்து அனுப்பிய காலேஜ். 1906-இல் மூடப்பட்டது. அணையை முடித்துவிட்டுத் திரும்பிய பென்னிகுவிக் 1896 முதல் 1899 வரை அதன் தலைவராக இருந்தார். குன்றின் அடிவாரத்தில் ரன்னிமீட் புல்வெளி. 1215-இல் மாக்னா கார்ட்டாவுக்கு முத்திரை வைக்கப்பட்ட இடம். வரலாற்றுப் புத்தகத்தில் வருகிற ரன்னிமீடும் வயலுக்குத் தண்ணீர் வந்த கதையும் ஒரே ஸ்டேஷனில்!

கேம்பர்லியில் 2022-இல் தமிழ்நாடு அரசு வைத்த பென்னிகுவிக் சிலை இருக்கிறது. அடுத்த ஸ்டேஷன் ஃபிரிம்லி. அங்கே செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில்தான் அவர் கிடக்கிறார். புனேயில் 1841 ஜனவரி 15 அன்று பிறந்தவர், 1911 மார்ச் 9 அன்று கேம்பர்லியில் இறந்தார். அனுமந்தன்பட்டிக்காரர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் எப்படி நடந்துகொள்வது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் பார்த்து வளர்ந்த ஊர் அது.

நாலாம் நாள் குடும்பத்தின் இஷ்டம். டவரில் கோஹினூர் பார்க்கலாம். ஈஸ்ட் ஹாமில் தோசை சாப்பிட்டு, பக்கத்தில் மேனர் பார்க் முருகன் கோயிலுக்குப் போகலாம். ராட்டினமும் ஏறலாம், தடையில்லை. வீரபாண்டித் திருவிழா ராட்டினத்தைவிட அது உயரம்தான், 135 மீட்டர் :-)

எதிர்க்கேள்விகள்

"ஒரு கல்லறையைப் பார்க்கவா இத்தனை லட்சம்?" என்று கேட்பார்கள். லட்சங்கள் பட்டமளிப்பு விழாவுக்காக ஏற்கெனவே செலவாகிவிட்டன. கேம்பர்லிக்கு ஆவது ஒரு நாளும் ரயில் டிக்கெட்டும். அந்த நாளை ஆக்ஸ்போர்டு ஸ்ட்ரீட் ஜவுளிக்கடையில் கழித்தால் மிச்சமாகுமா, செலவாகுமா?

"வெள்ளைக்காரனுக்கு எதற்குக் கும்பிடு?" இது நியாயமான கேள்வி. கும்பிடச் சொல்லவே இல்லை, தெரிந்துகொள்ளச் சொல்வதுதான். அணை தர்மத்துக்குக் கட்டப்பட்டது அல்ல. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் மாகாணம் செத்து விழுந்த பிறகு வேகம் பிடித்த திட்டம் அது. பாசனம் பெருகினால் வரி வரும் என்ற கணக்கும் அதில் உண்டு. இந்த யோசனையும் பென்னிகுவிக்குக்கு முதலில் தோன்றியது அல்ல. ராமநாதபுரம் சமஸ்தானத்து முத்திருளப்ப பிள்ளை 1789-லேயே இடம் பார்க்க ஆள் அனுப்பினார் என்பது பதிவான செய்தி. காட்டில் மலேரியாவிலும் காலராவிலும் மாண்ட கூலிக்காரர்களுக்கு ஃபிரிம்லியில் கல்லறை இல்லை. அந்தக் கல்லறை முன்னால் நிற்கிறவர்கள் இதையும் நினைக்க வேண்டும். இதை நினைக்காமல் மாலை மட்டும் போட்டுவிட்டு வருவது இன்னொரு ராட்டினம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஊரில் கோபம் வந்தாலும் பரவாயில்லை. "இங்கிலாந்தில் இருந்த சொந்தச் சொத்தை விற்று அணை கட்டினார்" என்று ஒவ்வொரு ஜனவரி 15-க்கும் பேனரில் அச்சடிக்கிறார்கள். அணை சென்னை மாகாணப் பொதுப்பணித் துறை அரசுப் பணத்தில் கட்டியது. சொத்து விற்ற கதைக்கு ஆவணம் கேட்டால் கதையைத்தான் திரும்பச் சொல்கிறார்களே தவிர, ஒரு தாளைக் காட்டுகிறவர் இல்லை. கட்டுமானத்தில் வேலை பார்த்த இன்ஜினியர் ஏ.டி. மெக்கன்சி எழுதிய பெரியாறு திட்ட வரலாறு 1899-இல் சென்னையில் அச்சாகியிருக்கிறது. ஆவணங்கள் லண்டனில் இருக்கின்றன. கதை உண்மையானால் தாளோடு வரட்டும், பொய்யானால் விட்டுவிடலாம். சொத்தை விற்காவிட்டால் அவர் சின்ன மனிதர் ஆகிவிடுவாரா? சுண்ணாம்பையும் சுர்க்கியையும் வைத்து அந்தக் காட்டில், அந்த வெள்ளத்தில் அணையை எழுப்பியது போதாதா?

"சின்னப் பிள்ளைகளுக்குப் போரடிக்கும்." போரடிப்பது இடத்தால் அல்ல, கூட வருகிறவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதால். "நம்ம வாய்க்கால் தண்ணிக்கு இந்தக் கட்டடத்துலதான் சம்மதம் வாங்கணும்" என்று சொல்லிப் பார்க்கட்டும். பிள்ளை ஐந்து கேள்வி கேட்கும்.

கடைசிக் கேள்விதான் கடினமானது. "பக்கத்திலிருக்கிற லோயர் கேம்ப்பையே பார்க்காதவர்கள் லண்டனில் போய் என்ன பார்ப்பார்கள்?"

பதில் இல்லை. உண்மை அது. அனுமந்தன்பட்டியில் பஸ் ஏறி கம்பம், கூடலூர் தாண்டினால் லோயர் கேம்ப். 2013-இல் திறந்த பென்னிகுவிக் மணிமண்டபம் அங்கே இருக்கிறது. மலையிலிருந்து நாலு ராட்சதக் குழாய்கள் மின் நிலையத்துக்கு இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். தேனி பஸ் ஸ்டாண்டுக்கே அவர் பெயர்தான். பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். ஆனால் அணையை மட்டும் போய்ப் பார்க்க முடியாது. பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, அனுமதி வேண்டும், பொதுமக்கள் நினைத்தபோது போக முடியாது. ஆக, கட்டியவரின் கல்லறைக்கு யாரும் போகலாம், கட்டிய அணைக்கு அதன் தண்ணீரைக் குடிக்கிறவர் போக முடியாது! அப்படியிருக்க, போக முடிந்த இடத்துக்கும் போகாமல் வருவதற்கு என்ன சாக்கு?

எனவே லண்டன் பயணத்தின் முதல் நாள் ஹீத்ரோவில் தொடங்கக் கூடாது. விசா வந்த வாரமே ஒரு ஞாயிற்றுக்கிழமை லோயர் கேம்ப் போய்வர வேண்டும். கூடவே 1886 ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு விமானம் ஏறட்டும். பிக் பென் அவர்கள் வரும்வரை மணியடித்துக்கொண்டுதான் இருக்கும்.

ஜூன் மாதம் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்ததும் வாய்க்கால் கரையில் நின்று பார்ப்பது பள்ளத்தாக்கில் வழக்கம். அந்தக் கரையில் லண்டன் போய் வந்தவரிடம் ஒருவர் கேட்பார்: "என்னப்பா, லண்டன்ல என்ன பார்த்த?" ராட்டினம் என்று சொல்வதா, இந்தத் தண்ணீர் வந்த வழி என்று சொல்வதா? நாலு நாளுக்குத் திட்டம் போடுகிறவர்கள் அந்தப் பதிலை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு பட்டியல் போடட்டும்.