உட்கார ஒரு ஸ்டூல்

உறுத்துகிறது என்று ஒரு பெண் வாய் திறந்தால் அவளுக்குத் தயாராக ஒரு பெயர் இருக்கிறது: தொட்டாச்சிணுங்கி. நான் சொல்கிறேன், எதுவும் உறுத்தாமல் வாழ்வதற்குத்தான் நமக்குப் பயிற்சி தரப்படுகிறது. நானும் அதில் நன்றாகவே தேறியிருந்தேன்.

இருபது வருடமாகத் தீபாவளிக்குச் சேலை எடுக்கிறேன். நாற்பது சேலைகளைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, எதுவும் பிடிக்கவில்லை என்று எழுந்து வந்திருக்கிறேன். பெண்ணுடல் பற்றிக் கவிதைகளும் எழுதினேன். விடுமுறையில் ஜவுளிக்கடை வேலைக்குப் போன மாணவி ஒருத்தி, “நாள் பூரா நிக்கணும் மேடம், சுவத்துல சாஞ்சாக்கூடத் திட்டுவாங்க” என்று வீங்கிய காலைக் காட்டிய பிறகுதான் உறைத்தது: அந்தக் கடைகளில் எனக்கு நாற்காலி இருந்தது. சேலையைப் பிரித்தவளுக்கு இல்லை.

கோழிக்கோட்டுக் கடைப் பெண்களுக்கு இது முன்பே உறுத்தியது. பெண்கூட்டு அமைப்பின் விஜியும் தோழிகளும் உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் திருத்தியது: கடை ஊழியர் அனைவருக்கும் இருக்கை தர வேண்டும். தொட்டாச்சிணுங்கிகள் வாங்கித் தந்த சட்டம் இது.

கண் கலங்கினால் போதுமா? கலங்கிய கண்ணோடு நாற்பத்தோராவது சேலையையும் கேட்கக்கூடியவர்கள் நாம். அவளுடைய கால்வலியில் நம் சௌகரியத்தின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கத் தொடங்கும்போதுதான் நுண்ணுணர்வு தொடங்குகிறது. அடுத்த முறை அந்தப் பெண்ணிடம் பரிதாபப்படாதீர்கள். கல்லாவில் இருப்பவரிடம் கேளுங்கள்: “இவங்க உட்கார ஸ்டூல் எங்கே?” அவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். இந்தத் தடவை அவருக்கு உறுத்தட்டும்.