அரசுக் காசில் பிறந்தது, ஆர் வீட்டுச் சொத்து?



மொன்றியலில் ஆய்வு மாணவராக இருக்கிற எவருக்கும் இந்த மின்னஞ்சல் பழக்கம். உங்கள் கண்டுபிடிப்பைச் சந்தைக்குக் கொண்டுபோங்கள், மானியம் தருகிறோம், பயிற்சி தருகிறோம், வழிகாட்டி தருகிறோம், மத்தியானச் சாப்பாடும் தருகிறோம். ஒட்டாவாவின் என்சேர்க், பாதிக் காசு கொம்பனியிடம் வாங்குகிற மிட்டாக்ஸ், லாப்-டு-மார்க்கெட், கியூபெக் அரசு 2021 இல் தொடங்கிய அக்ஸலிஸ். கதவு பல, உள்ளே அறை ஒண்டுதான்.

நான் அந்த அறைக்குள்ள போயிருந்து பார்த்தவள். நான் வேலை செய்வது லீஷ்மேனியா ஒட்டுண்ணியில். மணல்ஈ கடித்துத் தோலில் ஆறாத புண் வருமே, அது. இலங்கையில் கடந்த இருபது வருசத்தில் பரவிக்கொண்டு வருகிற நோய். அநுராதபுரம், அம்பாந்தோட்டைப் பக்கத்து வயல்காரரைக் கேட்டால் சொல்லுவினம். பயிற்சி நாளில் வழிகாட்டி கேட்ட முதல் கேள்வி, "உங்கட வாடிக்கையாளர் ஆர்?" நோயாளிகள் என்றேன். அவர்களிடம் காசு இருக்கா என்றார். இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஸ்பெயினிலும் இத்தாலியிலும் வளர்ப்பு நாய்களுக்கும் இந்த நோய் வருமே, அந்தச் சந்தையைப் பாருங்கள் என்றார். பகிடி இல்லை, உண்மையாகவே நல்ல மனத்தோடுதான் சொன்னார். அவர் பிழையான ஆள் இல்லை. அந்த மானியத்தின் தர்க்கப்படி அது சரியான பதில். நாய்க்கு வாடிக்கையாளர் உண்டு, வயல்காரருக்கு இல்லை.

ஆனால் இந்த மடலில் நான் சண்டை பிடிக்க வந்தது அதுக்காக மட்டும் இல்லை. கண்டுபிடிப்பு ஆய்வுக்கூட அலுமாரிக்குள் கிடந்து தூசி பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மருந்து குளிசையாக வேண்டும், குளிசை கடைக்கு வர வேண்டும். கேள்வி வேறு. பொதுக் காசில் கண்டுபிடித்ததை, பொதுக் காசிலேயே பொட்டலம் கட்டிக் கொம்பனியின் கையில் கொடுக்கும்போது, கொடுக்கிற அரசு திருப்பி என்ன கேட்கிறது?

ஒண்டும் கேட்கிறதில்லை. இது என் வசைச்சொல் இல்லை, அவர்களின் கொள்கை. மிட்டாக்ஸ் தனக்கு அறிவுச்சொத்தில் எந்த உரிமையும் வேண்டாம் என்கிறது. என்சேர்க்கும் அதையே சொல்கிறது. பல்கலைக்கழகமும் கொம்பனியும் தங்களுக்குள் பேசிப் பங்கு போடுகிறார்கள். மருந்தாக வந்தால் என்ன விலை, ஏழை நாட்டில் வேறு ஆராவது மலிவாகச் செய்யலாமா, வாங்கிய கொம்பனி ஐந்து வருசம் தொடாமல் வைத்திருந்தால் திருப்பி எடுக்கலாமா? மானிய விண்ணப்பத்தில் இதுக்கெல்லாம் பெட்டி கிடையாது. சந்தையின் அளவு என்ன என்பதற்கு மட்டும் பெரிய பெட்டி.

அப்படிக் கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்று தெரிய வேறு எங்கேயும் போகத் தேவையில்லை. மெட்ரோவில் ஏறி லாவாலில் இறங்கினால் போதும்.

1986 இல் கியூபெக் பல்கலைக்கழக வலையமைப்பைச் சேர்ந்த ஆர்மோன்-ஃப்ராப்பியே நிறுவனத்திலிருந்து பிரிந்து பயோகெம் என்ற கொம்பனி உருவானது. பிரான்செஸ்கோ பெல்லினி, ஜெர்வே தியோன், மக்கில் வேதியியல் பேராசிரியர் பெர்னார்ட் பெல்லோ ஆகியோர் தொடங்கியது. இன்றைய மொழியில் சொன்னால் அசல் ஸ்டார்ட்அப், எல்லாப் பயிற்சிப் பட்டறையிலும் காட்டத்தக்க வெற்றிக்கதை. பெல்லோவும் ங்யே ங்யுயென்-பா என்ற வேதியியலாளரும் லமிவுடின் என்ற மூலக்கூறைச் செய்தார்கள். அது எச்ஐவியைத் தடுக்கிறது என்று 1989 இல் யூத பொது மருத்துவமனையில் இருந்த மக்கில் விஞ்ஞானி மார்க் வெயின்பர்க்கின் குழு காட்டியது. கோட்-டே-நேஜில் இருக்கிற எங்கட சனத்தில் பாதிப்பேர் பிள்ளை பெத்த ஆசுபத்திரி அது. பெல்லோ அதே 1989 இல் இறந்துவிட்டார். உரிமம் 1990 இல் கிளாக்ஸோவுக்குப் போனது, 1995 இல் அமெரிக்காவில் மருந்து அங்கீகாரம் பெற்றது. எயிட்ஸ் வந்தால் சாவு என்றிருந்த காலத்தை முடித்துவைத்த கூட்டுச் சிகிச்சையின் முதுகெலும்புகளில் ஒன்று இந்த மொன்றியல் மருந்து. அந்தப் பெருமையை ஆரும் மறுக்கேலாது. நான் மறுக்கவும் இல்லை.

ஆனால் ஆருக்கு முடித்துவைத்தது? 2000 ஆம் ஆண்டளவில் இந்தக் கூட்டுச் சிகிச்சைக்கு ஒரு நோயாளிக்கு ஒரு வருசத்துக்குப் பத்தாயிரம் தொடக்கம் பதினையாயிரம் அமெரிக்க டொலர். ஆபிரிக்காவில் சனம் செத்துக்கொண்டிருந்தது. தென்னாபிரிக்கா மலிவு மருந்து இறக்குமதிக்குச் சட்டம் கொண்டுவந்தபோது, கிளாக்ஸோ உட்பட 39 மருந்துக் கொம்பனித் தரப்புகள் மண்டேலாவின் அரசுக்கு எதிராக வழக்குப் போட்டன. உலகமெல்லாம் காறித் துப்பிய பிறகு 2001 ஏப்ரலில் வழக்கை வாபஸ் வாங்கினார்கள். வெயின்பர்க்கைப் பற்றி ஒண்டு சொல்ல வேணும். அந்த நேரம் சர்வதேச எயிட்ஸ் சங்கத்தின் தலைவராக இருந்து, 2000 மாநாட்டைத் தென்னாபிரிக்காவின் டேர்பனுக்கே கொண்டுபோய், மருந்து ஏழைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று வாதாடினவர். விஞ்ஞானியின் மனச்சாட்சி சரியாகத்தான் வேலை செய்தது. உரிம ஒப்பந்தத்துக்கு மனச்சாட்சி கிடையாது, அதில் எழுதினது மட்டும்தான்.

சனத்தைக் காப்பாற்றினது வேறொரு சட்டம். இந்தியாவின் 1970 காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கொடுக்கவில்லை, செய்முறைக்கு மட்டும்தான். அதனால் மும்பையின் சிப்லா ஸ்ராவுடின், லமிவுடின், நெவிராபின் மூன்றையும் ஒரே குளிசையாக்கி, 2001 பெப்ரவரியில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு வருசத்துக்கு 350 டொலருக்குத் தருகிறோம் என்று அறிவித்தது. பதினையாயிரம் எங்கே, 350 எங்கே. சிப்லாவும் கொம்பனிதான், சத்திரம் நடத்துகிற தருமவான்கள் இல்லை. அந்த விலையிலும் செய்யேலும் என்று அவர்கள் கணக்குப் போட்டதே மற்றவர்களின் கணக்கை அம்பலப்படுத்தியது. அந்தக் குளிசைக்குள் மூன்றில் ஒன்று மொன்றியலில் பிறந்தது என்பதை இங்கே எந்தப் பட்டறையிலும் எனக்கு ஆரும் சொன்னதில்லை.

பயோகெம்முக்கு என்ன நடந்தது? 2001 இல் பிரித்தானியாவின் ஷயர் ஏறத்தாழ 4 பில்லியன் அமெரிக்க டொலருக்கு வாங்கியது. கதை முடிந்தது. பதினைந்து வருசம் கழித்து அதே படம், புது நடிகர்களோடு. 2016 இல் யோசுவா பெஞ்சியோ உட்பட்டவர்கள் தொடங்கிய எலிமென்ட் ஏஐ. 2019 முதலீட்டில் கெஸ் ஓய்வூதிய நிதியும் கியூபெக் அரசும் காசு போட்டன. 2020 நவம்பரில் கலிபோர்னியாவின் சேர்விஸ்நவ்வுக்கு ஏறத்தாழ 230 மில்லியன் அமெரிக்க டொலருக்கு விற்பனை. கெஸ்ஸில் இருப்பது ஆரின் காசு? தொழிற்சாலையிலும் முதியோர் இல்லத்திலும் வேலை செய்கிற எங்கட அம்மா அப்பாவின் ஓய்வூதியக் காசும்தான்.

மீலா 2019 இல் மைல்-எக்ஸுக்குக் குடிவந்தது. அதே வருசம் மொன்றியல் பல்கலைக்கழகத்தின் புது விஞ்ஞான வளாகம் பழைய ரயில் முற்றத்தில் திறந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பார்க்-எக்ஸ்டென்ஷன், துர்க்கை அம்மன் கோயில் இருக்கிற எங்கட பார்க்-எக்ஸ். வாடகை என்ன ஆனது என்று அங்கே ஆரிடமும் கேளுங்கோ. குடியிருப்பாளரின் பக்கம் நின்று வெளியேற்றங்களை எதிர்க்கிற பார்க்-எக்ஸ் நடவடிக்கைக் குழுவின் வாசலில் போய்ப் பாருங்கோ. புத்தாக்கம் என்ற சொல்லுக்கு அந்தத் தெருவில் வேறு அர்த்தம்.

"கொம்பனி இல்லாட்டி மருந்தே வந்திராது" என்பது வழமையான பதில். பாதி உண்மை. மருத்துவப் பரிசோதனைக்கு நிறையக் காசு வேண்டும், அதை ஆரோ போட வேண்டும். ஆனால் கொம்பனியிடம் கொடுத்தால் தானாக மருந்து வரும் என்பதும் பொய். எபோலா தடுப்பூசியை வின்னிபெக்கில் இருக்கிற கனடிய அரசின் நுண்ணுயிர் ஆய்வகம் செய்தது. 2010 இல் நியூலிங்க் என்ற சிறு அமெரிக்கக் கொம்பனிக்கு உரிமம் விற்கப்பட்டது, ஏறத்தாழ இரண்டு லட்சம் டொலருக்கு. மொன்றியலில் ஒரு கார்க் கராஜ்கூட அந்த விலைக்கு வராது. பிறகு 2014 இல் மேற்கு ஆபிரிக்காவில் எபோலா வெடித்தபோது தடுப்பூசி இன்னும் மனிதரில் பரிசோதிக்கப்படாமலே கிடந்தது. அந்த நவம்பரில் நியூலிங்க் அதை மெர்க்குக்கு 50 மில்லியன் அமெரிக்க டொலருக்குக் கைமாற்றியது. அந்தத் தொற்றில் இறந்தவர்கள் 11,000 பேருக்கு மேல்.

இந்த இடத்தில் ஆய்வு மாணவரின் கூலியையும் சொல்லியாக வேண்டும். முதுகலை மாணவருக்கான கூட்டாட்சிப் புலமைப்பரிசில் 2003 இல் 17,500 டொலர். இருபது வருசம் கழித்தும் 17,500 தான். 2023 மே 1 அன்று நாடு முழுக்க ஆய்வகங்களை விட்டு வெளியே வந்து நின்ற பிறகுதான் 2024 பட்ஜெட்டில் 27,000 ஆனது. மானியத்துக்குச் சந்தை மொழி பேசுகிற பலர் பேராசையில் பேசுவதில்லை, வாடகைக்காகப் பேசுகிறார்கள். ஊரில் இருந்து வந்த மாணவருக்கு விசா நாளும் எண்ணிக்கொண்டிருக்கும். வீட்டில் அம்மா "பிள்ளை கொம்பனி தொடங்கப் போகுதாம்" என்று கோயிலில் சொல்லித் திரிவா. அவாவைக் குறை சொல்ல என்னால் ஏலாது. ஆகவே மானியத்துக்கு விண்ணப்பிக்காதையுங்கோ என்று நான் சொல்ல மாட்டன். எடுங்கோ. எடுக்கும்போது சண்டை பிடியுங்கோ.

சண்டை பிடித்தால் வெல்லலாம் என்பதற்கும் அதே குளிசைதான் சாட்சி. அதுக்குள் இருந்த இன்னொரு மருந்து ஸ்ராவுடின். அதன் எச்ஐவி பயன்பாட்டுக்கான காப்புரிமை யேல் பல்கலைக்கழகத்திடம், உரிமம் பிறிஸ்டல்-மயர்ஸ் ஸ்குவிப்பிடம். யேலுக்கு வருசாவருசம் மில்லியன் கணக்கில் வருமானம். 2001 தொடக்கத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள், தென்னாபிரிக்காவில் பொதுவகை மருந்துக்கு வழிவிடுங்கள் என்று யேலுக்கு எழுதினார்கள். முடியாது, உரிமம் கொடுத்தாயிற்று என்றது பல்கலைக்கழகம். சட்டபீட மாணவர்கள் கிளம்பினார்கள். மருந்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான வில்லியம் புரூசொவ் மாணவர்களின் பக்கம் பகிரங்கமாக நின்றார். மார்ச் மாதத்தில் கொம்பனி இறங்கிவந்தது. தென்னாபிரிக்காவில் பொதுவகைக்கு வழி திறந்தது. ஒரு சில கிழமைகளில்! அந்த மாணவர் இயக்கத்தில் இருந்துதான் அத்தியாவசிய மருந்துகளுக்கான பல்கலைக்கழகக் கூட்டணி பிறந்தது. அவர்களின் அழுத்தத்தில் 2007 இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம், ஏழை நாடுகளில் மருந்து கிடைப்பதை உரிமக் கொள்கைக்குள் எழுதிய முதல் கனடியப் பல்கலைக்கழகமானது.

மொன்றியலிலும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. மக்கிலின் நரம்பியல் நிறுவனம் 2016 இல் திறந்த அறிவியல் என்று அறிவித்து, தன் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை எடுப்பதில்லை என்று முடிவெடுத்தது. அதற்கு அடித்தளமாக வந்தது ஒரு செல்வந்தரின் 20 மில்லியன் டொலர் நன்கொடை. அரசின் கொள்கையாக இருக்க வேண்டியது ஒரு பணக்காரரின் தயவில் நடக்கிறது. நல்ல காரியம்தான், ஆனால் அடுத்த நிறுவனத்துக்கு எந்தப் பணக்காரர் வருவார் என்று பார்த்துக்கொண்டிருக்கேலாது.

நாங்கள் கேட்பது பெரிய புரட்சி ஒண்டும் இல்லை, உரிம ஒப்பந்தத்தில் நாலைந்து வரி. பொதுக் காசு பட்ட கண்டுபிடிப்பை ஏழை நாடுகளில் ஆரும் செய்யலாம். குறித்த காலத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமம் திரும்பும். விலைக்கு நிபந்தனை. கொம்பனி விற்கப்பட்டால் நிபந்தனையும் கூடவே போகும். கடைசியாக, இவற்றை அமுல்படுத்த ஒரு ஆள். அமெரிக்கச் சட்டத்தில் 1980 இல் இருந்து, தேவைப்பட்டால் அரசு உள்ளே புகுந்து காப்புரிமையை வேறு ஆளுக்குக் கொடுக்கலாம் என்ற வரி இருக்கிறது. ஒரு தரமும் பாவித்ததில்லை. எழுதிவைத்தால் மட்டும் காணாது.

மக்கில், கொன்கோர்டியா, மொன்றியல் பல்கலைக்கழகம், யூகாம் எங்கே இருந்தாலும் இந்த மாதம் ஒரு வேலை செய்யுங்கோ. உங்கட தொழில்நுட்பக் கைமாற்று அலுவலகத்துக்குப் போய், உரிமக் கொள்கையில் ஏழை நாடுகளுக்கான வழி இருக்கா என்று எழுத்தில் கேளுங்கோ. பதில் வந்தாலும் வராட்டியும் இந்த மடலுக்கே பதில் போடுங்கோ. சேர்ந்ததை அடுத்த இதழில் பல்கலைக்கழகப் பெயர் பெயராகப் போடுவம்.