யாருடைய சம்மதம்?

நொய்டா நகரத்து எமரால்டு கோர்ட்டு வழக்கை ஜனங்கள் மறத்தல் தகாது. தோட்டமென்று காட்டிய நிலத்தில் கம்பெனியார் இரட்டைக் கோபுரம் எழுப்பியபோது வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதத்தைப் பெறவில்லை. பிளானைக் காட்டும்படி சங்கம் கேட்டதற்கோ, அதிகாரிகள் கம்பெனியின் சம்மதத்தை நாடினர்! கம்பெனி மறுத்தது, அதிகாரிகளும் காட்டவில்லை. என்னே விபரீதம்!

2012-ல் சங்கம் வழக்காடிற்று. 2014-ல் அலஹாபாத் ஹைக்கோர்ட்டும் 2021-ல் சுப்ரீம் கோர்ட்டும் இடிக்க உத்தரவிட்டன. 2022 ஆகஸ்டு 28-ந் தேதி கோபுரங்கள் வீழ்ந்தன. நியாயம் கிடைக்கப் பத்தாண்டு!

2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம், 17-வது பிரிவில், பிளான்களையும் பத்திரங்களையும் சங்கத்தினிடம் ஒப்புவிக்கும் கடமையைக் கட்டுவோர் மீது சுமத்தியிருக்கிறது. கேளாதவருக்குச் சட்டம் உதவாது. ஒவ்வொரு சங்கத்தாரும் அவற்றை இன்றே கேட்டு வாங்கக் கடவர்.