அளவுகோலில்தான் கோளாறு!

மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாடுகளின் வகை 21 ஆக உயர்ந்தது வரவேற்கத்தக்க முன்னேற்றம்தான். ஆனால், செவித்திறனைப் பொருத்தவரை பழைய கோடு அப்படியே நின்றுவிட்டது. பேச்சொலியைக் கேட்பதில் இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உள்ளவர் செவித்திறன் குறைந்தவர். 70 டெசிபல் இழப்பு உள்ளவர் காது கேளாதவர். 60-ஐ எட்டாதவர், சட்டத்தின் பார்வையில் குறையேதும் இல்லாதவர்.

இருவர் எதிரெதிரே அமர்ந்து இயல்பாகப் பேசிக்கொள்ளும்போது எழும் ஒலியே ஏறத்தாழ 60 டெசிபல்தான். அருகில் இருப்பவரின் பேச்சுகூடக் காதில் விழாத நிலையை அடைந்த பிறகுதான் அரசின் ஏடுகளில் ஒருவருக்கு இடம் கிடைக்கும் என்பதே இதன் பொருள். உலக சுகாதார நிறுவனமோ, 2021-இல் வெளியிட்ட செவிநலன் குறித்த அறிக்கையில், நன்றாகக் கேட்கும் காதில் 35 டெசிபலுக்கு மேல் இழப்பு இருந்தாலே அது உதவி தேவைப்படும் குறைபாடு என்கிறது.

35-க்கும் 60-க்கும் இடையே சிக்கித் தவிப்பவர்களின் அன்றாட வாழ்க்கை எளிதானதல்ல. அரசு மருத்துவமனையில் பெயர் சொல்லி அழைப்பது தெரியாமல் முறையைத் தவறவிடுகிறார்கள். மருந்தை எத்தனை வேளை உண்பது என்று மருத்துவர் சொன்னதை அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். ரயில் நடைமேடை மாறியதை அறிவிப்பில் அறிய முடிவதில்லை. கடைசி வரிசையில் அமரும் மாணவன் மந்தமானவன் என்று முத்திரை குத்தப்படுகிறான். வீட்டிலோ, இரண்டாம் முறை கேட்டால் எரிச்சல், மூன்றாம் முறை கேட்டால் கேலி. கேட்காததையும் கேட்டதுபோலத் தலையசைத்துப் பழகி, நாளடைவில் பேச்சையே குறைத்துக்கொண்டு ஒதுங்கிவிடும் முதியவர்கள் இல்லாத தெருவே இல்லை.

இவர்கள் எத்தனை பேர் என்பதே குழப்பம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி செவித்திறன் குறைந்தோர் 12.6 லட்சம் பேர். 2011-இல் அதுவே 50.7 லட்சம். பத்தே ஆண்டுகளில் நாட்டில் செவிட்டுத்தன்மை நான்கு மடங்கு பெருகிவிடவில்லை. கேள்வியும் விளக்கமும் மாறின. கருவியின் துணையால் கேட்பவர்களை 2001-இல் கணக்கில் சேர்க்கவில்லை, 2011-இல் சேர்த்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டை ஏற்று மத்திய சுகாதாரத் துறையே குறிப்பிடும் எண்ணிக்கையோ சுமார் 6.3 கோடி. ஓர் அமைச்சகத்துக்கு 50 லட்சம், இன்னோர் அமைச்சகத்துக்கு 6 கோடி என்றால், எதை நம்பி நிதி ஒதுக்குவது?

வரையறையைத் தளர்த்தினால் இடஒதுக்கீட்டில் முற்றிலும் காது கேளாதோரின் பங்கு பறிபோகும் என்ற அச்சம் நியாயமானதே. அரசுப் பணிகளில் காது கேளாதோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் சேர்த்தே ஒரு சதவீத இடம்தான் உள்ளது. அதில் கை வைக்கத் தேவையில்லை. வேலைவாய்ப்புக்கு 60 டெசிபல் என்பது அப்படியே இருக்கட்டும். பரிசோதனைக்கும், சிகிச்சைக்கும், காதொலிக் கருவிக்கும் அதே அளவுகோல் எதற்கு? மாற்றுத் திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் திட்டத்தில் சேர 40 சதவீதக் குறைபாட்டுச் சான்றிதழ் தேவை. அதேவேளையில், ஏழை முதியோருக்காக 2017-இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டம் முதுமையால் வரும் செவிக் குறைவுக்கும் கருவி வழங்குகிறது. முதியவருக்குப் பொருந்தும் இந்த நெறி, பள்ளி மாணவனுக்கும் தறிக்கூடத் தொழிலாளிக்கும் ஏன் பொருந்தக் கூடாது?

காது கேளாமைத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுக்கான தேசியத் திட்டம் 2006-07-இல் 10 மாநிலங்கள், ஒரு யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த 25 மாவட்டங்களில் சோதனை முயற்சியாகத் தொடங்கி, பின்னர் விரிவாக்கப்பட்டது. நோக்கம் சரியானது. குழந்தைகளுக்கு ஏற்படும் செவித்திறன் இழப்பில் சுமார் 60 சதவீதம் தடுக்கக்கூடியவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சீழ் வடியும் காதை உரிய நேரத்தில் கவனித்தால் போதும். ருபெல்லா தடுப்பூசி ஒழுங்காகப் போடப்பட்டால் போதும். பிறந்த ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்துதல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது வளர்ந்த நாடுகள் பின்பற்றும் நெறி. இங்கோ, இரண்டு வயதாகியும் குழந்தை பேசவில்லையே என்று பெற்றோர் பதறும்போதுதான் காதைப் பற்றிய நினைவே பலருக்கு வருகிறது. மொழியைக் கற்பதற்கான பொன்னான காலம் அதற்குள் கடந்துவிடுகிறது. பிறகு பல லட்சம் ரூபாய் செலவில் காக்ளியர் கருவி பொருத்தினாலும் முழுப் பயன் கிட்டுவதில்லை.

பார்வை மங்கினால் கண்ணாடி அணிவதில் எவருக்கும் கூச்சமில்லை. காதில் கருவி மாட்டிக்கொள்ளத்தான் தயக்கம். சமூகத்தின் மனப்போக்கு ஒரே நாளில் மாறிவிடாது. ஆனால், அரசு தனது அளவுகோலை மாற்ற ஓர் அரசாணையும், சட்டத்தில் ஒரு சிறு திருத்தமும் போதும்.

2027 மார்ச் 1-ஆம் தேதியை அடிப்படை நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான அறிவிக்கை 2025 ஜூனில் வெளியானது. அடுத்த பத்தாண்டுகளுக்கான மருத்துவமனைகளும், மருத்துவர்களும், நிதியும் அந்தக் கணக்கைக் கொண்டே முடிவாகும். "உங்கள் வீட்டில் காது கேளாதவர் உண்டா?" என்று மட்டும் கேட்டால், தடுமாறிக் கேட்கும் கோடிக்கணக்கானோர் மீண்டும் விடுபட்டுப் போவார்கள். "எதிரே இருப்பவர் பேசுவதைக் கேட்பதில் யாருக்கேனும் சிரமம் உண்டா?" என்றும் கேட்கப்பட வேண்டும். இதை வலியுறுத்த வேண்டிய பொறுப்பு, கட்சி வேறுபாடின்றி எல்லா உறுப்பினர்களுக்கும் உண்டு.

கேள்வி சரியாக இருந்தால்தான் கணக்கு சரியாக வரும். கணக்கு சரியாக இருந்தால்தான் உதவி உரியவரின் வாசலைத் தேடிப் போகும்!