அவசரப்படுத்தும் பயம்

புராஸ்டேட் புற்றுநோய் என்று பயாப்சி அறிக்கை வந்த அன்றே பல ஆண்கள் மனசுக்குள் உயில் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று சொல்லவே மாட்டேன். அது எடுக்கவைக்கும் அவசர முடிவுகள்தான் எனக்குக் கவலை. பிரிட்டனில் நடந்த புரொடெக்ட் ஆய்வில், சுரப்பியைத் தாண்டாத புற்றுநோய் கொண்ட 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு என மூன்று பிரிவாக்கிப் பின்தொடர்ந்தார்கள். 2023-இல் வெளியான முடிவுப்படி, சுமார் 15 ஆண்டுகளில் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான். மூன்று பிரிவுக்கும் இதில் பெரிய வித்தியாசமில்லை. கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு நோய் பரவியது கூடுதல் என்பதும் உண்மை. முன்பே பரவிவிட்ட நோய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் ஆரம்ப நிலையில் இருக்கும் பெரும்பாலோருக்கு, நிதானமாக யோசிக்கச் சில வாரங்கள் தாராளமாக உண்டு. இன்னொரு பயமும் இருக்கிறது, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. சிகிச்சைக்குப் பின் சிறுநீரை அடக்க முடியுமா, தாம்பத்தியம் என்னவாகும்? மகனிடம் சொல்லக் கூச்சம், மனைவியிடம் சொல்லத் தயக்கம், மருத்துவரிடம் கேட்க வெட்கம். பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய இரவுகளில் தனியே விழித்துக் கிடப்பவர்கள் இவர்கள்தான். ஐயா, அடுத்த முறை மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். நோயின் தீவிரத்தைக் காட்டும் கிளீசன் எண் என்ன, எங்கேயாவது பரவியிருக்கிறதா, காத்திருக்கலாமா என்று தாளில் எழுதிவைத்துக் கேளுங்கள். தாம்பத்தியம் பற்றியும் கேளுங்கள். தூக்கம் போய்விட்டதென்றால் அதையும் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.