பார்சலை எண்ணிப் பயனில்லை

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வாசலில் தினம் ஒரு பார்சல் வந்தால் நமக்குப் பொறுக்காது. மகனையோ மருமகளையோ "ஊதாரி" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் நாம் அளப்பது சரியானதைத்தானா?

அடக்க முடியாமல் வாங்கிக் குவிப்பதற்கு 'ஓனியோமேனியா' என்று பெயர். ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் க்ரேப்லின் நூறு வருடங்களுக்கு முன்பே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அன்று கடைக்கு நடந்து போக வேண்டும். இரவானால் கடை மூடிவிடும். கையில் காசு தீர்ந்தால் திரும்ப வேண்டியதுதான். செல்போன் இந்த மூன்று தடைகளையும் எடுத்துவிட்டது.

2015-ல் நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளக்க ஒரு கேள்விப் பட்டியல் தந்தார்கள். அதன் சாரம் ஏழு கேள்விகள். எப்போதும் வாங்குவதே நினைப்பா? மனசு சரியில்லை என்றால் வாங்குகிறீர்களா? அன்றாடக் கடமைகள் கெடுகின்றனவா? பழைய திருப்திக்கு இப்போது இன்னும் அதிகம் வாங்க வேண்டியிருக்கிறதா? குறைக்க நினைத்தும் முடியவில்லையா? தடுத்தால் தவிப்பு வருகிறதா? நிம்மதி போய்விட்டதா? கடந்த ஒரு வருடத்தை நினைத்துப் பார்த்து, நான்குக்காவது 'ஆம்' என்றால் கவனிக்க வேண்டும்.

எவ்வளவு ரூபாய், எத்தனை பெட்டி என்ற கேள்வியே இதில் இல்லை. வேலைக்குப் போகும் பெண் மளிகை, குழந்தைக்கு டயப்பர் என்று மாதம் இருபது பார்சல் வரவழைக்கலாம். அவளுக்குக் கடைக்குப் போக நேரமில்லை, அவ்வளவுதான். பென்ஷன் பணத்தில் இருநூறு ரூபாய்ச் சாமான் வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலே கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைப்பவரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்டமும் வீடியோ கேமும் அடிமைப் பழக்கங்களாக இடம்பெற்றுள்ளன. வாங்கும் பழக்கத்துக்கு அந்த வரிசையில் இடமில்லை. பிடித்த எல்லாவற்றையும் நோய் என்று சொல்லிவிடக் கூடாது என்பது நியாயமே. அதற்காக அந்த வீட்டில் துன்பமே இல்லை என்று ஆகிவிடாது.

நம் வயதுக்காரர்களும் இதற்கு விலக்கல்ல. பிள்ளைகள் வெளிநாட்டில், நாள் முழுவதும் அழைப்பு மணி அடிப்பவர் டெலிவரி பையன் மட்டும்தான் என்றால், ஆர்டர் போடத் தோன்றத்தானே செய்யும்?

ஆகவே, வீட்டில் யாரையும் திட்டும் முன், "இதை வாங்கும்போது மனசு எப்படி இருந்தது?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். போனில் பதிந்திருக்கும் கார்டு விவரத்தை அவர் சம்மதத்தோடு நீக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் டாக்டரிடம் போகிற நமக்கு இதில் என்ன கூச்சம்?